மோட்டார் சைக்கிள் சங்கிலியை மணல் தின்கிறது!

பலாப்பழம் அறுக்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வார். இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு படாத பாடு படுத்தும். காடாம்புலியூர்ப் பக்கத்தில் சின்னக் குழந்தைகூட இதைச் சொல்லும்.

ஆனால் அந்தப் பலாப்பழத்தைச் சந்தைக்குச் சுமந்து போகும் மோட்டார் சைக்கிளுக்கு எப்படி எண்ணெய் போட வேண்டும் என்று கேட்டால், பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

"அதிலே என்ன இருக்கிறது? செயினிலே ஊற்றிவிட வேண்டியதுதான்" என்பார்கள்.

ஊற்றுவதில்தான் வினையே இருக்கிறது!

காடாம்புலியூர் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலையில், பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவே இருக்கிறது. சுற்றிலும் முந்திரித் தோப்பு. இடையிடையே பலா மரங்கள். காலடியில் செம்மண். கொஞ்ச தூரத்தில் நெய்வேலி நகரம்.

காலையில் சுரங்க வேலைக்குப் போகிறவர், முந்திரி மூட்டை ஏற்றுகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர், எல்லோருக்கும் இரண்டு சக்கர வண்டிதான் துணை. வண்டி நின்றால் அன்றைய வேலை நின்றுவிடும்.

ஆகவே இந்தப் பக்கத்து மெக்கானிக் கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி நடக்கும்.

"அண்ணே, செயின் செட்டு போயிடுச்சு. மாத்தணும்."

"என்ன தம்பி இது! மாத்தி ஒரு வருஷம்கூட ஆகலியே. வாரா வாரம் எண்ணெய் வேற ஊத்துறேனே!"

"அதுனாலதாண்ணே போச்சு."

எண்ணெய் ஊற்றினால் சங்கிலி கெடுமா? மெக்கானிக் கேலி செய்கிறாரா? இல்லை. அவர் சொல்வது உண்மை. அது எப்படி என்று பார்க்கலாம்.

சங்கிலிக்குள் என்ன இருக்கிறது?

சங்கிலியை ஊரில் எல்லோரும் "செயின்" என்றுதான் சொல்கிறார்கள். எஞ்சின் பக்கத்தில் ஒரு சிறிய பல் சக்கரம். பின் சக்கரத்தில் ஒரு பெரிய பல் சக்கரம். இரண்டையும் இணைப்பது இந்தச் சங்கிலி. எஞ்சினின் பலம் முழுவதும் இதன் வழியாகத்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது.

சாதாரண மோட்டார் சைக்கிள் சங்கிலியில் 100-க்கு மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே அரை அங்குலம். அதாவது 12.7 மில்லி மீட்டர். பெரிய வண்டிகளில் இது கொஞ்சம் கூடும்.

ஒவ்வொரு மூட்டிலும் மூன்று பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. நடுவில் ஒரு குட்டி உருக்குத் தண்டு. அதைச் சுற்றி ஒரு குழல். குழலைச் சுற்றி ஓர் உருளை. இரு புறமும் தகடுகள்.

பல் சக்கரத்தின் பல்லில் உட்காருவது உருளை. சங்கிலி வளையும்போது திரும்புவது குழலுக்குள் இருக்கும் தண்டு. எண்ணெய் முக்கியமாகத் தேவைப்படும் இடம் எது? வெளியே தெரியும் தகடு அல்ல. உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் தண்டுக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடம்தான்.

பலர் தகட்டுக்கு எண்ணெய் பூசிவிட்டுத் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். அது வீட்டுக் கதவின் கீலை விட்டுவிட்டுக் கதவுப் பலகைக்கு எண்ணெய் தடவுவது போன்றது.

500 கிலோ மீட்டர், ஒரு லட்சம் சுற்று!

இந்தச் சங்கிலி எவ்வளவு உழைக்கிறது தெரியுமா?

ஒரு சாதாரண 100 சி.சி. வண்டியை எடுத்துக்கொள்வோம். பின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.9 மீட்டர் நகரும். பின் பல் சக்கரத்தில் 42 பற்கள், சங்கிலியில் 110 கண்ணிகள் என்று வைத்துக்கொண்டால், 500 கிலோ மீட்டர் ஓடுவதற்குள் சங்கிலி ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை முழுச் சுற்று சுற்றிவிடுகிறது!

ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் 4 தடவை மடங்கி நிமிர்கிறது. முன் சக்கரப் பல்லில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று, பின்னால் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. ஆக, 500 கிலோ மீட்டருக்கு 4 லட்சம் தடவை!

மூட்டுக்குள் எண்ணெய் இருந்தால் தண்டும் குழலும் நேருக்கு நேர் உரசாது. நடுவே எண்ணெய் மெத்தை போல இருக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் இரும்போடு இரும்பு உரசும். தண்டு மெல்ல மெல்ல மெலியும்.

"செயின் நீண்டு போச்சு" என்று சொல்கிறார்கள் அல்லவா? இரும்புத் தகடு ரப்பரைப்போல நீள்வது இல்லை. ஒவ்வொரு மூட்டும் தேய்ந்து, இடைவெளி விழுகிறது. ஒரு மூட்டில் 0.1 மில்லி மீட்டர் தேய்ந்தால் போதும். அது ஒரு தாளின் கனம்தான். ஆனால் 110 மூட்டுகளில் அது 11 மில்லி மீட்டர் ஆகிவிடும். கிட்டத்தட்ட ஒரு கண்ணியின் நீளம்!

சங்கிலி நீண்டால் பல்லில் சரியாக உட்காராது. பல் வளைந்து கொக்கியைப்போல ஆகும். அந்தப் பல் சக்கரத்தில் புதுச் சங்கிலியை மாட்டினால் புதுச் சங்கிலியும் சீக்கிரம் கெடும். அதனால்தான் மெக்கானிக்குகள் இரண்டு பல் சக்கரங்களையும் சேர்த்து "செட்டாக" மாற்றச் சொல்கிறார்கள். இது காசு பறிக்கும் தந்திரம் அல்ல. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

ராட்சத எந்திரத்தின் பல்லையே தேய்த்த மண்

இனி மணலின் கதைக்கு வருவோம். அதற்கு நெய்வேலிக்குப் போக வேண்டும்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக 1956-ம் ஆண்டு அரசுக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிலக்கரி கண்ணில் பட்டது.

நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை அள்ள ஜெர்மனியிலிருந்து ராட்சத எந்திரங்கள் வந்தன. ஒரு பெரிய சக்கரம். அதைச் சுற்றி வாளிகள். வாளிகளின் வாயில் உருக்குப் பற்கள். சக்கரம் சுழலச் சுழல, பற்கள் மண்ணைப் பெயர்க்கும், வாளிகள் அள்ளும்.

ஆனால் இந்த மண் லேசுப்பட்டது அல்ல! நிலக்கரியின் மேல் கிடந்தது வெறும் மண் இல்லை, கடினமான மணற்பாறை. பூமி ஆராய்ச்சி நிபுணர்கள் இதற்குக் "கடலூர் மணற்கல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ராட்சத எந்திரத்தின் உருக்குப் பற்கள் இதில் பட்டு வெகு சீக்கிரம் தேய்ந்து போயின. பிறகு, முதலில் வெடி வைத்துப் பாறையை இளக்கிவிட்டு, அப்புறம் தோண்டினார்கள். பற்களின் முனையில் மிகவும் கடினமான உலோகத்தைப் பற்ற வைத்துப் பலப்படுத்தினார்கள்.

பண்ருட்டி, காடாம்புலியூர் மேட்டு நிலத்தின் செம்மண்ணும் இந்த மணற்கல்லின் உறவுதான். கையில் அள்ளிப் பார்த்தால் சிவப்புத் தூளோடு பொடி மணல் நெருடும். அந்த மணல் கண்ணாடியில் கோடு கிழிக்கும். உருக்கையும் விடாது. ராட்சத எந்திரத்தின் பல்லைத் தேய்த்தது, சுண்டு விரல் அகலம் உள்ள சங்கிலியைச் சும்மா விடுமா?

வறண்ட மணல் சங்கிலியில் பட்டால் பெரும்பகுதி உதிர்ந்து விழும். ஆனால் சங்கிலியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தால்? மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் மணலும் குழைந்து கறுப்புச் சாந்து ஆகும். அரிவாளைச் சாணை பிடிப்பதற்குத் தேவையானது எதுவோ, அதுவே இப்போது சங்கிலிமேல் தயாராக இருக்கிறது!

அடுத்த வாரம் அதன் மேலேயே மறுபடி எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும்? புது எண்ணெய் அந்தச் சாந்தை மூட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். 4 லட்சம் தடவை மடங்கும் மூட்டுக்குள் மணல்! அம்மிக்கும் குழவிக்கும் நடுவே அகப்பட்ட மிளகாயின் கதைதான். இங்கே அரைபடுவது மிளகாய் அல்ல, தண்டும் குழலும்.

அந்த மெக்கானிக் சொன்னதன் பொருள் இதுதான். முதலில் மணலைக் கழுவி எடுக்க வேண்டும். பிறகுதான் எண்ணெய். மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

ஆகாய விமானத்தை ஓட்டிய சங்கிலி

இந்த உருளைச் சங்கிலியைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் தொழில் நடத்தியவர். 1880-ம் ஆண்டு இதற்கு உரிமை பெற்றார். நூல் ஆலை எந்திரங்களுக்குச் சங்கிலி செய்துகொண்டிருந்தவர் அவர். சைக்கிளும் பிறகு மோட்டார் சைக்கிளும் அவருடைய சங்கிலியைப் பிடித்துக்கொண்டன.

1903-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் விமானத்தைப் பறக்கவிட்டார்கள் அல்லவா? அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். தங்கள் விமானத்தின் இரண்டு விசிறிகளையும் சங்கிலி போட்டுத்தான் சுற்றவிட்டார்கள்! அந்தச் சங்கிலியைச் செய்து கொடுத்தது அமெரிக்காவில் இருந்த டயமண்ட் சங்கிலிக் கம்பெனி. அதே கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து 1960-ம் ஆண்டில் சென்னையில் ஒரு சங்கிலித் தொழிற்சாலை தொடங்கியது. அதுதான் முருகப்பா குழுமத்தின் டி.ஐ. டயமண்ட் செயின். கோவையில் எல்.ஜி.பி. கம்பெனியார் "ரோலான்" என்ற பெயரில் சங்கிலி செய்கிறார்கள். சங்கிலிக்குத் தமிழ்நாடு வெளியே கையேந்த வேண்டியது இல்லை.

முதலில் விரலைக் காப்பாற்றுங்கள்!

சுத்தம் செய்யும் முறையைச் சொல்வதற்கு முன், எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு விஷயம்.

சிலர் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துகிறார்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போடுகிறார்கள். பின் சக்கரம் தானாகச் சுற்றுகிறது. ஓடுகிற சங்கிலியில் துணியைப் பிடிக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறதாம்!

இதைவிட அபாயமான காரியம் வேறு இல்லை. துணியின் ஒரு நூல் பல்லில் சிக்கினால் போதும். துணியோடு கையும் இழுபடும். கையை உருவிக்கொள்ளக் கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. இப்படி விரல் நுனியை இழந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கை அறுவை சிகிச்சை டாக்டர்கள் இதைப்பற்றி மருத்துவ இதழ்களில் தனிக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள்.

கத்தியால் சீராக வெட்டுப்பட்ட விரலை டாக்டர்கள் பல நேரங்களில் ஒட்ட வைத்துவிடுவார்கள். சங்கிலியில் சிக்கிய விரல் நசுங்கிப் போகிறது. ஒட்ட வைப்பது மிகவும் கஷ்டம்.

ஆகவே எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். அதையும் பின்பக்கமாக, மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றும்போது மறு கை பல் சக்கரத்துக்குத் தள்ளியே இருக்க வேண்டும். கையால் சுற்றும்போதுகூட விரல் மாட்டிக்கொள்ளும்!

குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. அப்பா சக்கரம் சுற்றுவதைப் பார்த்தால் பிள்ளைக்கும் விரலை நீட்டத் தோன்றும்.

ஒருவேளை யாருக்காவது விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். துண்டு நேராகப் பனிக்கட்டியில் படக்கூடாது.

அரை மணி நேர வேலை

தேவையான பொருள்கள் அதிகம் இல்லை. ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், பனியன் கந்தல், ஓர் அட்டைத் துண்டு, மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி. அவ்வளவுதான். முன்போல ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைப்பது இல்லை. கிடைக்காதவர்கள் கடையில் விற்கும் செயின் கிளீனரை வாங்கலாம். பெட்ரோலைத் தொடவே வேண்டாம். தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் பக்கத்திலும் பீடி, சிகரெட் கூடாது.

வண்டி கொஞ்சம் ஓடி வந்த பிறகு, சங்கிலி இளஞ்சூடாக இருக்கும்போது வேலையைத் தொடங்கினால் நல்லது. அழுக்கு சுலபமாக இளகும். பின் டயரில் எண்ணெய் தெறிக்காமல் அட்டையை நடுவே வையுங்கள். டயரிலோ பிரேக்கிலோ எண்ணெய் பட்டால் வண்டி வழுக்கும். பிரேக் பிடிக்காது. பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரால் உடனே கழுவுங்கள்.

பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, கையெட்டும் தூரத்துக்குச் சங்கிலியைத் தேயுங்கள். மேலே, கீழே, உள்பக்கம், வெளிப்பக்கம், நான்கு பக்கமும். பிறகு சக்கரத்தைச் சுற்றி அடுத்த பகுதி. கறுப்புச் சாந்து கரைந்து வழியும். இரண்டாவது சுற்றில் வழிவதன் நிறம் மாறும். மூன்றாவது சுற்றில் உருளைகள் பளபளக்கும். பல் சக்கரத்தின் பற்களுக்கு இடையே அப்பியிருப்பதையும் ஒரு குச்சியால் கிளறி எடுத்துவிடுங்கள்.

கம்பி பிரஷ் வேண்டாம். பெரிய வண்டிகளின் சங்கிலியில் தகடுகளுக்கு இடையே சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். உள்ளே தொழிற்சாலையில் அடைத்த கிரீஸ் வெளியே போகாமலும், மணல் உள்ளே வராமலும் அவை காவல் காக்கின்றன. கம்பி பிரஷ் அந்த வளையத்தைக் கிழித்துவிடும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைச் சங்கிலிமேல் நேராக அடிப்பதும் கூடாது. தண்ணீர் மூட்டுக்குள் புகுந்துவிடும்.

கழுவிய பிறகு கந்தலால் துடைத்து, கால் மணி நேரம் காயவிடுங்கள். அவசரம் வேண்டாம். உள்ளே மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் எண்ணெய் நீர்த்துப் போகும்.

இப்போது எண்ணெய். எந்த எண்ணெய்?

எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை ஊற்றுகிற வழக்கம் எங்கும் இருக்கிறது. காசு மிச்சம்தான். ஆனால் அந்தக் கறுப்பு ஆயிலில் கரியும் இரும்புத் தூளும் கலந்திருக்கின்றன. கழுவி எடுத்த அழுக்கை வேறு வழியாகத் திரும்ப ஊற்றுவது என்ன கணக்கு? தேங்காய் எண்ணெய் பலாப்பழத்துக்குத்தான் சரி. சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் பிசின் பிடிக்கும். கிரீஸ் அப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கிரீஸ் மூட்டுக்குள் இறங்காது. வெளியே நின்றுகொண்டு மணலை வா வா என்று அழைக்கும்.

90 நம்பர் கியர் ஆயில் பல வண்டிகளுக்குப் பொருந்தும். ரப்பர் வளையம் உள்ள சங்கிலிக்கு, அதற்கு ஏற்றது என்று புட்டியில் போட்டிருக்கும் எண்ணெயாகப் பார்த்து வாங்க வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எது என்று இருக்கும். அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டவர்கள் இறக்கி ஒரு முறை படிக்கலாம்.

கீழ்ப்பக்கத்துச் சங்கிலியின் உள்புறத்தில், தகடுகள் சேரும் இடுக்கில், ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் விடுங்கள். ஒரு பக்க இடுக்கு முடிந்ததும் மறுபக்க இடுக்கு. உள்புறத்தில் ஏன்? வண்டி ஓடும்போது சுழலும் வேகத்தில் எண்ணெய் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். உள்ளே விட்டால்தான் மூட்டைத் தாண்டிப் போகும். பிறகு சக்கரத்தை நாலைந்து தடவை கையால் சுற்றிவிட்டு, முடிந்தால் இரவு முழுவதும் அப்படியே விடுங்கள்.

மறுநாள் காலையில் காய்ந்த கந்தலால் சங்கிலியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். பலருக்கு மனசு வராத வேலை இதுதான். "போட்ட எண்ணெயைத் துடைப்பதா?" என்பார்கள். வெளியே இருக்கும் எண்ணெயால் லாபம் மிகக் குறைவு. துருப்பிடிக்காமல் இருக்க, தொட்டால் விரலில் லேசாக மினுக்கும் அளவு போதும். வேலை செய்கிற எண்ணெய் உள்ளே இருக்கிறது. துணியால் அதைத் துடைக்க முடியாது.

அழுக்கு மண்ணெண்ணெயைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். ஒரு புட்டியில் ஊற்றி மூடி வையுங்கள். மணல் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த தடவை முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? சாதாரணமாக 500 கிலோ மீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் போடலாம். ஒரு நாளைக்குப் போக வர 30 கிலோ மீட்டர் ஓடுகிற வண்டி 17 நாளில் 500-ஐத் தொட்டுவிடும். ஆக, ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். மழையில் நனைந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் போட வேண்டும். முந்திரித் தோப்புக்குள் செம்மண் பாதையில் அடிக்கடி போகிற வண்டிக்கு நாள் கணக்கு உதவாது. சங்கிலியைக் கட்டை விரலால் தடவிப் பாருங்கள், வண்டி நிற்கும்போது! நெருநெரு என்றால் கழுவ வேண்டிய நாள் வந்துவிட்டது.

தொய்வும் இறுக்கமும்

சங்கிலி தொய்வாக இருந்தால் ஓடும்போது கழன்று பின் சக்கரத்தில் சிக்கலாம். சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு நிற்கும். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

அதற்காக விறைப்பாக இழுத்து வைப்பதும் தப்பு. ஆள் ஏறியதும் பின் சக்கரம் மேலும் கீழும் ஆடும். அப்போது சங்கிலிக்கு இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் சங்கிலியும் தேயும், எஞ்சினில் உள்ள பேரிங்கும் கெடும்.

கீழ்ச் சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பல சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லி மீட்டர் ஆட்டம் சரியான அளவு. உங்கள் வண்டிக்கு உரிய அளவு புத்தகத்தில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். எங்கே மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ, அந்த இடத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். சரிசெய்யும்போது இருபுறமும் உள்ள கோடுகள் ஒரே அளவில் நிற்க வேண்டும். கை பழகாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே மேல்.

சங்கிலி தேய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. பின் பல் சக்கரத்தின் கடைசிக் கோடியில் சங்கிலியைப் பிடித்துப் பின்னுக்கு இழுங்கள். புதுச் சங்கிலி அசையாது. பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்கு எழும்பினால் அதன் ஆயுள் முடிந்தது. எவ்வளவு எண்ணெய் போட்டாலும் தேய்ந்த இரும்பு திரும்ப வளராது.

மூடியும் முந்தானையும்

1985-ம் ஆண்டு ஹீரோ ஹோண்டா சி.டி.100 என்ற வண்டி வந்தது. சங்கிலி முழுவதையும் மறைக்கும் மூடி அதில் இருந்தது. இன்றும் பல 100 சி.சி. வண்டிகளில் அந்த மூடி இருக்கிறது. செம்மண் ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மூடி உள்ள சங்கிலி அதிக நாள் உழைக்கும். ஒரே ஒரு கெடுதல், உள்ளே சங்கிலி இருப்பதே மறந்து போகிறது. மூடியில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும். அதைப் பிடுங்கினால் சங்கிலியைப் பார்க்கலாம், ஆட்டிப் பார்க்கலாம். எத்தனை பேருக்கு அது தெரியும்?

இளவட்டங்கள் சிலர் அழகுக்காக மூடியைக் கழற்றி வீட்டு மூலையில் போட்டுவிடுகிறார்கள். அழகு மணலுக்குத்தான் பிடிக்கும்.

பின்னால் உட்காரும் பெண்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. முந்தானையும் துப்பட்டாவும் காற்றில் பறந்து சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கினால், கழுத்து இறுகும், அல்லது ஆள் கீழே விழுவார். இதற்காகவே 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி இருக்கிறது. பின்னால் ஆள் உட்காரும் மோட்டார் சைக்கிளில், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கப் படியும், துணி சிக்காமல் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. "சேலை கார்டு" என்று கடையில் கேட்கிறோமே, அதுதான். அதையும் அழகுக்காகக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றுகிறவர் முன்னால் உட்காருகிறார். சேலை கட்டியவர் பின்னால் உட்காருகிறார்.

மூட்டையும் பலாப்பழமும் சுமக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிக்கும் சங்கிலி உண்டு. கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு வெளியே சங்கிலி கிடையாது. அங்கே வேலை செய்வது ரப்பர் பெல்ட். அவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம்.

குப்பியில் எண்ணெய் மீதி இருக்குமே, அதை என்ன செய்வது? அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் வீட்டில் நிற்கிறதா? அதன் சங்கிலியிலும் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம்தான். அதே செம்மண்ணில்தான் அதுவும் ஓடுகிறது. முதலில் பிரஷ்ஷால் மணலைத் தேய்த்து எடுக்கச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு. மிதிக்கட்டையைப் பின்பக்கமாகச் சுற்றும்போது விரல் தள்ளி இருக்கிறதா என்று மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.